ஸ்லிட் அகலத்தில் போன ஆறு மாதம்

முடிவு நேற்று மாலை வந்தது. பிளாஸ்மா அளவீட்டுத் தாளில் (மின்சாரம் பாய்ந்து ஒளிரும் வாயுவை அதன் ஒளியை வைத்து அளக்கும் பாடம்) இரண்டாம் முறையில் தேறிவிட்டேன். சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம், ஏனென்றால் முதல் முறையே தேறியிருக்க வேண்டியது. தாளின் அமைப்பை மூத்தவர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் விழுந்த பள்ளத்தை மட்டும் காட்டுகிறேன்.

செய்முறையில் எனக்கு வந்தது ஒரு டார் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தில் 760இல் ஒரு பங்கு) நைட்ரஜன் மின்னிறக்கம், அதாவது மின்சாரத்தால் ஒளிரும் வாயுக் குழாய். 337.1 நானோமீட்டர் பட்டையை (மூலக்கூறு விடும் நெருக்கமான கோடுகளின் கூட்டம்) பதிவுசெய்து, கணக்கிட்ட வடிவத்தைக் கணினியில் அதனோடு பொருத்தி, சுழற்சி வெப்பநிலை 640 கெல்வின் என்று எழுதினேன். மூலக்கூறுகளின் சுழற்சி காட்டும் இந்த வெப்பநிலை வழக்கமாக வாயுவின் சூட்டையே சொல்லும். கணக்கிட்ட கோடு அளவீட்டின் மேல் அழகாகப் படிந்திருந்தது. தேர்வாளர் தாளைப் பார்த்தார். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, "குழாயைத் தொட்டுப் பாரப்பா" என்றார். ஆறிப்போன காப்பி டம்ளர்போல் வெதுவெதுவென்று இருந்தது.

சுவர் ஆறியிருந்தாலும் நடுவில் வாயு சூடாக இருக்கலாமே என்று வாதாடினேன். 30 சென்டிமீட்டர் குழாயில் 5 வாட் போகிறது, வெப்பக் கடத்தலைக் கணக்கிடு என்றார். கரும்பலகையில் போட்டேன். நடுவுக்கும் சுவருக்கும் ஏறக்குறைய 50 கெல்வின்தான் வந்தது. அதற்குமேல் என்னிடம் பேச்சில்லை.

தவறு எங்கே என்பது விடுதிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. காலையில் பாதரச விளக்கை வைத்துக் கருவியின் கோட்டகலத்தை (கூர்மையான கோட்டைக் கருவி எவ்வளவு பரப்பிக் காட்டுகிறது என்பதை) அளந்தபோது ஸ்லிட், அதாவது ஒளி நுழையும் பிளவு, 50 மைக்ரோமீட்டர். பிறகு நைட்ரஜன் மங்கலாகத் தெரிகிறதென்று 100 ஆகத் திறந்துவிட்டேன். பொருத்தும்போது பழைய அகலத்தையே கொடுத்தேன். இந்தப் பட்டையின் வால் குறைந்த அலைநீளப் பக்கம் நீளும். வாயு சூடானால் வால் தடிக்கும். ஸ்லிட்டால் வந்த பரவலையும் கணினி அந்தச் சூட்டின் கணக்கில் எழுதிவிட்டது. ஆகவே பதிவுசெய்யும் ஒவ்வொரு முறையும் ஸ்லிட் அகலத்தை நோட்டில் எழுதுங்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. இரவில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு பட்டைக்கும் "இந்த நிலைக்கு மூலக்கூறை ஏற்றியது யார்?" என்று கேட்டு எழுதிப் பார்த்தேன். பாதித் தாள் அதிலேயே முடிந்துவிடும். எலக்ட்ரான் மோதி ஏற்றியிருந்தால் சுழற்சி வெப்பநிலை வாயுவின் வெப்பநிலையை ஒட்டி நிற்கும். ஆர்கான் நிறையக் கலந்திருந்தால் கதை வேறு. அதன் 11.55 எலக்ட்ரான் வோல்ட் நிலை நீண்ட நேரம் நிலைக்கும், 337.1 பட்டையை விடும் நைட்ரஜனின் 11.03 நிலைக்கு ஆற்றலைக் கைமாற்றி, மிச்சத்தில் ஒரு பங்கைச் சுழற்சியாகவும் தள்ளிவிடும். அங்கே 337.1 காட்டுவது வாயுவின் சூடு அல்ல.

மற்றவை, வரிசையில்லாமல்:

- ஒரே குழாயில் சுழற்சிக்குச் சில நூறு கெல்வின், அதிர்வுக்குச் சில ஆயிரம், எலக்ட்ரானுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். "வெப்பநிலை" என்று மொட்டையாக எழுதினால் மதிப்பெண் போகும்.
- அதிர்வு வெப்பநிலைக்கு 380.5, 375.5, 371.1 பட்டைகளை ஒப்பிட வேண்டும். இது ஒளி விடும் மேல்நிலையின் பரவல். அடிநிலையினுடையது என்று எழுதிவிடாதீர்கள்.
- 391.4 நைட்ரஜன் அயனியுடையது, எலக்ட்ரானிடம் 18.7 எலக்ட்ரான் வோல்ட் கேட்கும். பக்கத்து 394.3க்கு 11 சொச்சம் போதும். 394.3ஐ ஒப்பிட 391.4இன் விகிதம் ஏறினால் வேகமான எலக்ட்ரான்கள் கூடியிருக்கின்றன. 394.3இன் வால் 391.4க்கு அடியில் ஓடும், கழித்துவிடுங்கள்.
- 674 அருகே புதுக் கோடு கண்டால் குதிக்காதீர்கள். 337.1ஐக் கருவி இரட்டை அலைநீளத்தில் மறுபடி காட்டும் இரண்டாம் வரிசை அது. வடிகட்டி போட்டால் மறையும்.
- 309 பக்கம் ஹைட்ராக்சில் பட்டை தெரிந்தால் குழாயில் ஈரம்.
- சாகா சமன்பாட்டை (வெப்பச் சமநிலையில் எவ்வளவு வாயு அயனியாகும் என்று சொல்வது) இங்கே இழுக்க வேண்டாம். இந்த அழுத்தத்தில் வெப்பச் சமநிலை கிடையாது.
- புளூரின் அளவை அறிய அதன் 703.7 கோட்டை, அளவு தெரிந்த ஆர்கானின் 750.4 கோட்டோடு ஒப்பிடும் முறை: கோபர்ன், சென், 1980. ஐந்து மதிப்பெண்.

இரண்டாம் முறையும் அதே தேர்வாளர்தான். 350 கெல்வின் என்று எழுதி, தாளின் தலையிலேயே ஸ்லிட் 50 என்றும் குறித்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஸ்லிட் திருகைக் குனிந்து பார்த்தார். பிறகு அடுத்த மாணவரைக் கூப்பிட்டார்.