கடைசி பெஞ்சில் ஒரு வருடம்

எங்கள் கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியர் மேம்பாட்டுப் பொறுப்பை என் தலையில் கட்டியபோது தலைமையாசிரியை சிஸ்டர் அதிகம் பேசவில்லை. "வெளியே இருந்து ஆள் கூப்பிட்டதெல்லாம் போதும் டீச்சர். நமக்குள்ளேயே ஏதாவது செய்யுங்க."

அவர் சொன்னது நியாயம்தான். வருடத்துக்கு இரண்டு பயிற்சி நாள் நடக்கும். யாராவது வந்து புரொஜெக்டர் போட்டுப் பேசுவார். நாங்கள் மடியில் விடைத்தாளை வைத்துத் திருத்திக்கொண்டே தலையாட்டுவோம். மறுநாள் வகுப்பு பழையபடியே நடக்கும்.

ஒருவர் வகுப்பை இன்னொருவர் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அடுத்து நான் செய்தது சுத்த மடத்தனம். இருபது கட்டங்களோடு ஒரு படிவம் தயாரித்தேன். குரல், கரும்பலகை, வகுப்புக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். கடைசிக் கட்டம் 'நற்செய்தி விழுமியங்கள்'. அதற்கும் ஐந்துக்கு மார்க்! இப்போது நினைத்தால் கூசுகிறது.

இரண்டே வாரத்தில் ஸ்டாஃப் ரூமில் பேச்சு குறைந்தது. வந்த படிவங்களில் எல்லாக் கட்டத்திலும் நான்கு, நான்கு, நான்கு. கணக்கு டீச்சர் வகுப்புக்கு நானே போனேன். "இந்தக் கோணம்..." என்று அவர் ஆரம்பித்ததும் மூன்றாம் பெஞ்சுப் பெண் எழுந்து, "தொண்ணூறு பாகை, மிஸ்" என்றாள். கேள்வி இன்னும் முடியவில்லை. முதல் நாளே ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் அவரிடம் தனியாகக் கேட்டேன். "இந்தத் தாள் தாளாளர் ஃபாதர் மேசைக்குப் போகும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம்" என்றார். அப்படி அனுப்பும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அனுப்ப மாட்டேன் என்றும் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லையே.

படிவத்தைக் கிழித்துப் போட்டேன். வகுப்பு எடுப்பவரே ஒரு கேள்வி தருவார், பார்க்கப் போகிறவர் அதை மட்டும் குறிப்பார், தாள் வகுப்பு எடுத்தவரிடமே இருக்கும். அவ்வளவுதான் புது ஏற்பாடு.

அதே கணக்கு டீச்சர்தான் முதலில் முன்வந்தார். "நான் யாரையெல்லாம் கேள்வி கேட்கிறேன்னு பாருங்க" என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, இருக்கைகளை வரைந்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு போட்டேன். 40 நிமிடத்தில் 31 கேள்விகள். அதில் 22 முன் இரண்டு வரிசைக்கு. கடைசி வரிசைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் "ஜன்னலை மூடினியா?" தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அடுத்த வாரம் அவர் மேசையில் ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தது, உள்ளே பிள்ளைகளின் பெயர்ச் சீட்டுகள்.

பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்து உட்கார ஆரம்பித்தோம். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் ஓர் இடம் உண்டு. கத்தோலிக்கப் பள்ளியின் நோக்கம் நிறைவேறுவது ஏறக்குறைய முழுவதும் ஆசிரியர்களைச் சார்ந்தது என்கிறது. அதைப் படித்ததும் மூத்த சார் ஒருவர், "பொறுப்பு நம்மளது, சரி. நேரத்தை யார் கொடுப்பா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. மறுவாரத்திலிருந்து, யாராவது இன்னொருவர் வகுப்பைப் பார்க்கப் போனால் அவருடைய பீரியடைச் சிஸ்டரே எடுத்தார். என்னைக் கேட்டால், அந்த வருடத்தைக் காப்பாற்றியது அதுதான்.

ஜெபத்தில் ஒரு சிக்கல் வந்தது. எங்களில் பலர் பிற சமயத்தவர். நாங்கள் நீளமாக ஜெபித்து முடிக்கும்வரை அவர்கள் தலை குனிந்து காத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர்தான், இரண்டு நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு, அந்த வாரம் மனதை உறுத்திய ஒரு பிள்ளையின் பெயரை ஆளுக்கொன்று சொல்லலாமா என்று கேட்டார். கத்தோலிக்க அடையாளம் நீர்த்துப் போகுமோ என்று தயங்கினேன். வத்திக்கானின் கல்வித் துறையான கத்தோலிக்கக் கல்விப் பேராயம் 2022இல் பள்ளியின் அடையாளத்தைப் பற்றி வெளியிட்ட ஆவணத்தின் தலைப்பிலேயே 'உரையாடல் பண்பாடு' இருப்பதைச் சிஸ்டர் எடுத்துக் காட்டினார். இப்போது மௌனம், பெயர்கள், அப்புறம் ஒரு சின்ன ஜெபம். ஒருநாள் ஒரே பையனின் பெயரை நான்கு பேர் சொன்னோம். அதுவரை அவனைப் பற்றி நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை.

ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் கதையையும் ஒருநாள் சொன்னேன். 1681இல், பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில், வசதியான குடும்பத்துக் குருவான அவர் ஏழை ஆசிரியர்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "நம்ம ஸ்டாஃப் ரூம்ல ஒரு நல்ல நாற்காலி போட்டாலே போதும்" என்றார் மூத்த சார்.

புது ஆசிரியருக்கு வழிகாட்டியாக ஒரு மூத்தவர் என்று ஜோடி சேர்த்தது மட்டும் ஒட்டவேயில்லை. நானே சேர்த்துவிட்ட ஜோடிகள். அவர்களே தேர்ந்துகொள்ள விட்டிருக்க வேண்டும்.

வருடக் கடைசியில் கணக்கு டீச்சர் என் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் யோசிக்க நான் இடம் கொடுக்கிறேனா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். மணி அடித்ததும் தாளை நீட்டினார். "நீங்க கேட்டது 26. பதிலும் நீங்களே சொன்னது 14." தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். புது வருடம் தொடங்கிவிட்டது, வியாழக்கிழமை மறுபடி வருகிறாராம்.