கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஓவியர்கள் எனக்கு அனுப்பும் படங்களில் உள்ள ஒரே குறை, அவை முடிந்துபோயிருப்பதுதான். அட்டைப்படத்துக்கும் கதைப் பக்கத்துக்கும் வரைந்து பழகியவர்கள், இனித் தொட ஒன்றும் இல்லை என்று தோன்றும்வரை படத்தை விடமாட்டார்கள். அப்படிப்பட்ட படத்தை வாங்கி, கை தனி, கால் தனி, தலை தனி என்று பிரித்துப் போடுவது என் பிழைப்பு. மும்பை செம்பூரில் உட்கார்ந்துகொண்டு, வெவ்வேறு ஊர் ஓவியர்களோடு வாக்குவாதம் செய்தபடியே சின்னச் சின்ன அனிமேஷன் படங்கள் செய்துவருகிறேன்.

மதுரையில் இருக்கும் ஒரு பெண் நீர்வண்ணத்தில் வரைகிறவள். என்னைவிட வயதில் மிகவும் சின்னவள்; கை மட்டும் முதிர்ந்த கை. பாட்டி ஒருத்தி முறுக்குப் பிழியும் படத்தை அனுப்பியிருந்தாள். அரக்குப் புடவையின் நிறம் ஈரத்தில் கசிந்து, தாளின் சொரசொரப்பில் தங்கி, மடிப்புகளில் மட்டும் அடர்ந்திருந்தது. என் வேலை, முறுக்கு அச்சைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளையும் திருகவைப்பது. கை நகர்ந்தால் அது மறைத்திருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள் தெரியும்.

"கைக்குப் பின்னால் முந்தானை எப்படிப் போகிறது என்று தனி லேயரில் வரைந்து அனுப்பும்மா" என்றேன். லேயர் என்றால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள் போல.

"தெரியாத இடத்தை எதற்கு அக்கா வரைய வேண்டும்? யார் பார்க்கப்போகிறார்கள்?"

"அரை நொடி எல்லோரும் பார்ப்பார்கள்."

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. முந்தானை எப்படிப் போகிறது என்று முடிவு செய்துவிட்டால், முன்னால் இருக்கும் கையையே வேறு மாதிரி வரைந்திருப்பேன் என்றாள். நியாயமான வாதம். ஓர் ஓவியத்தில் மறைந்திருப்பதும் ஓவியர் எடுத்த முடிவுதான். கடைசியில் கைகளை விட்டுவிட்டோம். பாட்டியின் தோள்கள் மட்டும் லேசாக ஏறி இறங்கின. அச்சிலிருந்து மாவு இழை வட்டமாக விழுந்தது. பார்த்தவர்கள் யாரும் கை அசையவில்லை என்று சொல்லவில்லை. பாட்டிக்கு என்ன பலம் என்றுதான் சொன்னார்கள்.

நீர்வண்ணத்தில் இன்னொரு தொல்லை உண்டு. திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படங்கள், ஓடும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் போதும். ஒன்றரை நிமிடப் படத்துக்கே 1,080 படங்கள் ஆகிவிடும். ஒவ்வொன்றையும் புதிதாக வண்ணம் தீட்டினால் கறையின் விளிம்பு ஒவ்வொரு படத்திலும் ஒரு மயிரிழை தள்ளி விழும். ஓட்டிப் பார்த்தால் புடவை கொதிக்கும். அந்தக் கொதிப்பையே விரும்பிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கனவுக் காட்சிக்கும் காய்ச்சல் காட்சிக்கும் நன்றாகவே பொருந்தும். முறுக்குப் பாட்டிக்குக் காய்ச்சல் இல்லை. அதனால் அவள் தீட்டிய கறையை அசையாமல் வைத்துவிட்டு, அதன் மேல் புடவையின் வடிவத்தை மட்டும் நகர்த்தினேன். நிறம் நிற்கும், உருவம் போகும். மலிவான உத்திதான், ஆனால் அவள் தாளை அது மதிக்கிறது.

இந்த ஊரில் ஒரு காலத்தில் இத்தனை ஃபைல் அனுப்பும் வேலை இருந்திருக்காது. 1956-இல் அரசின் திரைப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன் பம்பாயில் கார்ட்டூன் படப் பிரிவு தொடங்கியபோது, டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் இங்கே வந்து ஆட்களைப் பயிற்றுவித்தார். வரைகிறவரும் அசைக்கிறவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், முந்தானை விவகாரத்தை ஒரு தேநீர் நேரத்தில் பேசி முடித்துவிடலாம். எங்களுக்கு அது வாரக்கணக்கில் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது.

நேரில் போய்ப் பேசக் கிடைத்தவர் மாட்டுங்காவில் மகனோடு இருக்கும் பெரியவர். தமிழ் வாரப் பத்திரிகைகளுக்குக் காலமெல்லாம் வரைந்தவர். பேச்சு எங்கே தொடங்கினாலும் விகடன் ஓவியர் கோபுலுவின் கோட்டில் வந்துதான் நிற்கும். எனக்கும் அதில் புகார் இல்லை. சார் டேப்லெட்டைத் தொடமாட்டார். இந்தியன் இங்க், தூரிகை, பழைய காலண்டரின் பின்பக்கம். கல்யாண வீட்டைப் பற்றிய ஒரு குறும்படத்துக்கு அவரிடம் தவில்காரரை வரைந்து கேட்டேன்.

அந்தப் படங்களை நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வலது கை விரல்களில் கூடுகள், இடது கையில் கழி. மணிக்கட்டில் கோடு மெலிந்து, கழி தோலைத் தொடும் இடத்தில் திடீரெனத் தடித்துவிடும். அடியின் கனம் முழுவதும் அந்தத் தடிப்பில்தான் இருந்தது. கணினியில் ஏற்றி வெக்டர் கோடாக, அதாவது கணினி கணக்கிட்டுப் போடும் கோடாக, மாற்றியதும் எல்லா இடமும் ஒரே பருமன். தவில்காரர் தூசி தட்டுவது போல இருந்தார்.

சரி, கோட்டை அப்படியே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அடுத்த சிக்கல், ஓர் அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் வரும் இடைப்படங்கள். எங்கள் பாடத்தில் ஓர் அடிக்கு முன் கை பின்வாங்க வேண்டும். அந்தப் பின்வாங்கல் இல்லாவிட்டால் அடி உறைக்காது. அந்த நிலையை வரைந்து தாருங்கள் என்றதும் சார் தலையை ஆட்டினார்.

"அது எனக்குத் தெரியாதும்மா. அடி விழுந்த பிறகு கை எங்கே இருக்கும் என்பதைத்தான் இத்தனை வருஷமாக வரைகிறேன். அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று வாசகர் பார்த்துக்கொள்வார்."

நானே வரைகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வரைந்தும் காட்டினேன். "நன்றாக இருக்கிறது, ஆனால் இது வேறு யாரோ" என்றார். ஆமாம், வேறு யாரோதான்.

வழி கணக்கிலிருந்து வந்தது. துரித காலத்தில் நொடிக்கு எட்டு அடி என்று வைத்துக்கொண்டால், ஓர் அடிக்கு மூன்றே ஃபிரேம். இரண்டிரண்டாக நிறுத்தும் வழக்கம் அங்கே எடுபடாது. ஃபிரேமுக்கு ஒரு படம் வேண்டும். மூன்று ஃபிரேமில் பின்வாங்கலுக்கு இடம் எங்கே? முதல் ஃபிரேமில் சாரின் அடி. இரண்டாவதிலும் மூன்றாவதிலும், மை வற்றிய தூரிகையால் அவரே இழுத்துத் தந்த தலா ஒரு வீச்சு. கை இல்லை, கழி இல்லை, சாம்பல் தடம் மட்டும். நான்காவதில் மறுகையின் அடி. இந்த வீச்சுகளைப் பல வகையாக இழுத்துத் தரச் சொன்னேன். அதில் அவருக்கு ஒரு குஷி வந்துவிட்டது. காலண்டர் காலண்டராக இழுத்துத் தள்ளினார்; மருமகள் வந்து தரையெல்லாம் மை என்று என்னைப் பார்த்து முறைத்தார்.

வார்லிப் பழங்குடி ஓவியர் ஒருவரோடு நடந்தது இதற்கு நேர்மாறு. அவர் மகாராஷ்டிரத்தின் தகாணுவுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இருக்கிறார். எங்களுக்குள் என் அரைகுறை மராத்திதான் பாலம். வார்லி ஓவியம் பெண்கள் கல்யாண வீட்டுச் சுவரில், செம்மண் பூச்சின் மேல் அரிசி மாவுக் குழம்பால் வரைவதாக இருந்தது. 1970-களில் ஜீவ்யா சோமா மஷே அதைச் சடங்குக்கு வெளியே, தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்தார். 2011-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. உச்சி தொட்டு நிற்கும் இரண்டு முக்கோணங்கள்தான் உடம்பு. அசைப்பதற்கு இதைவிட வசதி உண்டா, இடுப்பில் ஒரு கீல் வைத்தால் போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆட்டம் நன்றாகவே வந்தது. தார்ப்பா என்னும் குழல் கருவியை ஊதுகிறவரை நடுவில் வைத்துச் சுருளாகக் கைகோத்து ஆடும் வரிசை, நடுவிலிருந்து வெளியே ஒவ்வோர் உருவமாகச் சற்றுத் தாமதித்து அசைந்தது. அவர் கைதட்டினார். பிறகு நான் கேமராவை மெல்ல உள்ளே தள்ளும் காட்சியைக் காட்டினேன். உடனே கேட்டார்: "இவர்கள் ஏன் பருத்துப்போகிறார்கள்?"

நாம் கிட்டே போகிறோம் என்று விளக்கினேன். சுவரில் கிட்டே, தூரம் எல்லாம் இல்லை என்றார். அவருடைய படத்தில் மேலே இருப்பவர் தொலைவில் இருப்பவர் அல்ல. மேலே இருப்பவர், அவ்வளவுதான். கோட்டின் பருமனும் மூங்கில் குச்சியின் முனையை மென்று செய்த தூரிகையின் பருமன். பெரிய ஆளுக்கும் சிறிய எறும்புக்கும் அதே குச்சி. கேமரா நெருங்கினால் அந்தக் குச்சி பொய்யாகிவிடுகிறது. படம் முழுக்கக் கேமராவை நிறுத்திவிட்டேன். பக்கவாட்டில் நகரலாம் என்பதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது, சுவர் நீளமானது என்பதால்.

பணம், பெயர் பற்றி ஒரு பத்தி. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நிறைய ஓவியர்களுக்கு இது தெரியாது. வரைந்தவரிடமே உரிமை தங்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே உரிமை யாருக்கு என்று முதல் கோடு விழும் முன்னே எழுதி வாங்குங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமை கைமாறிய பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவும், பெயர் கெடும்படி சிதைத்தால் தடுக்கவும் 57-ஆம் பிரிவு இடம் தருகிறது. மதுரைப் பெண்ணின் பாட்டியை ஒரு விளம்பரக்காரர் கண்ணாடி போட்டு, வேறு பொருளை விற்க இழுத்துக்கொண்டு போனபோது இந்தப் பிரிவைச் சுட்டி ஒரு கடிதம்தான் போட்டோம். கண்ணாடி இறங்கியது.

இப்போது மேசையில் இருப்பது குழந்தைப் பாட்டு ஒன்று. வரைவது பெங்களூருக்காரி. லேயர் எல்லாம் பிரித்து, பெயரிட்டு, கைக்குப் பின்னால் இருப்பதையும் வரைந்து அனுப்பும் தலைமுறை. இனிச் சண்டையே வராது என்று நினைத்தேன். அவள் உருவங்களுக்குக் கண் என்பது ஒரு கரும்புள்ளி. இமை கிடையாது. நொடிக்கணக்கில் முகத்தைக் காட்டும்போது கண் சிமிட்டாவிட்டால் உருவம் செத்துப்போகும் என்பது நாங்கள் முதல் வருடத்திலேயே படிப்பது. புள்ளியைக் கோடாக்கி, மறுபடி புள்ளியாக்கி ஒரு சோதனை அனுப்பினேன். "பார்த்தேன், அக்கா. ஏதோ வலிக்கிறது என்று தோன்றுகிறது. சிமிட்ட வேண்டாம்" என்று பதில். தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறேன். பாட்டு மெட்டு திங்கட்கிழமை வருகிறது. அதற்குள் சாய்த்தும் சாய்க்காமலும் இரண்டு மாதிரி செய்து அனுப்ப வேண்டும்.