வீட்டில் ஒரு வேதபாடக் குழு

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் ஜெபக்கூட்டங்களுக்குக் குறைவே இல்லை. உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், ஆண்டுக்கொரு கன்வென்ஷன் என்று நாட்காட்டி நிறைந்திருக்கிறது. ஆனால் பத்துப் பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஒரு வேதபகுதியை வசனம் வசனமாக வாசித்து, அது என்ன சொல்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கூட்டம் அரிது. எங்கள் தெருவில் அப்படியொன்றை நடத்திவருவதால், தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சேகரத்து ஐயரிடம், அதாவது வட்டாரச் சபைகளைக் கவனிக்கும் போதகரிடம், சொல்லிவிட வேண்டும். வீட்டுக் கூட்டம் என்றதும் அது நாளைக்குத் தனிச் சபையாகப் பிரிந்துவிடுமோ என்ற சந்தேகம் அவர்களுக்கு எழுவது இயல்பு. அப்படிப் பிரிந்தவையும் உண்டு. காணிக்கை எடுப்பதில்லை, ஆராதனை நேரத்தில் கூடுவதில்லை என்று தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிட்டால் பெரும்பாலும் தடை வராது.

எந்தப் புத்தகம் என்று கேட்டால், பலரும் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத்தான் சொல்வார்கள். புதிய குழுவுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து: அதில் வரும் மிருகத்தின் முத்திரை, 666 என்று போனால், யூடியூபில் கேட்டதை ஒப்பிப்பதிலேயே நேரம் கழிந்துவிடும். அதற்குப் பதில் மாற்கு சுவிசேஷத்தை எடுக்கலாம்; இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் அது 16 அதிகாரங்களே கொண்டது. வாரம் அரை அதிகாரம் என்று போனால் ஏறக்குறைய எட்டு மாதத்தில் முடியும்.

நடத்துபவர் பிரசங்கம் செய்யாமலிருப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை. கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த மௌனத்தைப் பொறுக்காமல் நாமே பதில் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இயேசு புயலை அதட்டும் 4-ஆம் அதிகாரப் பகுதியை வாசித்தபோது, அதுவரை பேசியிராத ஓர் அக்கா, வேறு படகுகளும் உடன் சென்றதாக எழுதியிருக்கிறதே, அவற்றில் இருந்தவர்களும் பிழைத்திருப்பார்கள்தானே என்று கேட்டார். அவர் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். உடனே இதே நிகழ்ச்சியைச் சொல்லும் மத்தேயு 8-ஐயும் லூக்கா 8-ஐயும் புரட்டினோம். அந்தப் படகுகள் இரண்டிலும் இல்லை. சீஷர்களின் அவிசுவாசத்தைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த குறிப்பை அன்று எடுக்கவே இல்லை. புயல் அமர்ந்ததன் பயன், யாருக்காக அமர்ந்தது என்றுகூடத் தெரியாதவர்களுக்கும் கிடைத்ததா என்பதிலேயே பேச்சு நின்றது.

சிற்றுண்டி சிறிய விஷயம்போலத் தெரியும். ஒரு வீட்டில் பஜ்ஜி, அடுத்த வீட்டில் கேசரி, அதற்கடுத்த வீட்டில் பிரியாணி என்று ஏறிக்கொண்டே போனால், வசதி குறைந்தவர் தம் வீட்டுக்கு அழைக்கவே தயங்குவார். தேநீர் மட்டும் என்று முடிவு செய்துவிடுவது நல்லது. ஜெப விண்ணப்பங்களைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைக்க வேண்டும். முதலில் எடுத்தால் நோயும் வரனும் விசாரணையுமாக ஒரு மணி நேரமும் அதற்கே போய்விடும்.

பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் பேசுபவர்கள் நான்கைந்து பேராகிவிடுகிறார்கள், மற்றவர்கள் கேட்பவர்களாகிவிடுகிறார்கள். அப்போது இரண்டாகப் பிரிப்பதே சரி. அதற்காகவே மாதம் ஒருமுறையாவது வேறொருவரை நடத்தவிட்டு, நாம் வட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும்.