தழும்பைத் திருத்திக்கொள்ளப் போகிறீர்களா?

"தழும்பை எடுத்துவிடலாமா?" என்றுதான் பெரும்பாலானோர் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். எடுக்க முடியாது. தோல் முழு ஆழத்துக்கும் வெட்டுப்பட்டால் அது தழும்பாகத்தான் ஆறும். அந்தத் தழும்பை வெட்டி எடுத்தால் அந்த வெட்டும் தழும்பாகத்தான் ஆறும். அகலமானதை மெல்லிசாக்கலாம். மேடானதைச் சமமாக்கலாம். கண்ணில் உறுத்துகிற திசையில் ஓடுவதை முகத்தின் இயல்பான மடிப்புக்குள் திருப்பிவிடலாம். கழுத்தையோ முழங்கையையோ இழுத்துப் பிடித்திருப்பதைத் தளர்த்தலாம். இவ்வளவுதான் கைவசம் உள்ள வித்தை. "அடையாளமே தெரியாது" என்று யாராவது உறுதி சொன்னால் அங்கே முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் நாள் ஓ.பி.யில் நடக்க வேண்டியது ஆபரேஷன் பேச்சு இல்லை, இது எந்த வகைத் தழும்பு என்கிற விசாரணை. காயம் எப்போது, எப்படி ஆறியது, சீழ் பிடித்ததா, தையல் போட்டார்களா, தானாக மூடியதா, மேடு எப்போது எழும்ப ஆரம்பித்தது, அரிக்கிறதா, குத்துகிறதா. இத்தனையும் கேட்காமல் தேதி கொடுக்கிற இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காயம் ஆறிய சில வாரங்களில் தடித்துச் சிவந்து, ஆனால் பழைய காயத்தின் எல்லையைத் தாண்டாமல் நிற்பது வெறும் தடித்த தழும்பு. அது நாளாக ஆகத் தானே தணியக்கூடும். எல்லையைத் தாண்டிப் பக்கத்து நல்ல தோலுக்குள் நண்டுக்கால் மாதிரி பரவுவது கெலாய்டு. அது தானாகத் தணியாது. காயம் ஆறி மாதக்கணக்கு ஆன பிறகுகூடக் கிளம்பும். நெஞ்சின் நடுப்பகுதி, தோள், தடுப்பூசி போட்ட மேல்கை, தாடையோரம், காது மடல் இதெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். காது குத்திய துளையில் பட்டாணி அளவில் தொடங்கி நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்து வருவதைப் பார்க்காத தோல் மருத்துவர் நம் ஊரில் இருக்க மாட்டார்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், கெலாய்டை வெறுமனே வெட்டினால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வரலாம், பலருக்கு முன்னைவிடப் பெரிதாக. எனவே அதற்கு முதலில் ஊசி. ட்ரையம்சினலோன் என்கிற ஸ்டீராய்டு மருந்தை (கடையில் கெனகார்ட் என்று கிடைக்கும்) ஒரு மி.லி.க்கு 10 முதல் 40 மி.கி. வரையிலான செறிவில், 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை, தழும்பின் உள்ளேயே ஏற்றுவார்கள். முதல் ஊசி வலிக்கும், அதை மறைப்பதில் பயனில்லை. தழும்பு செருப்புத் தோல் மாதிரி இறுகியிருக்கும், மருந்து உள்ளே போக மறுக்கும். சாதாரண சிரிஞ்சில் அழுத்தினால் ஊசிமுனை கழன்று மருந்து தெறிக்கும். அதனால்தான் திருகிப் பூட்டும் சிரிஞ்ச் வைத்துக்கொள்வது. மருந்து சரியான ஆழத்தில் இறங்கினால் தழும்பு அந்தக் கணமே வெளுக்கும். வெளுக்காமல் சுலபமாக வழுக்கிக்கொண்டு போனால் அது தழும்பைத் தாண்டி அடிக்கொழுப்பில் போகிறது என்று பொருள்; பிற்பாடு அந்த இடம் குழிவிழும். ஊசிக்கு முன் பனிக்கட்டியை ஒத்தி வைக்கச் சொல்லிக் கேளுங்கள், வலி கணிசமாகக் குறையும். இரண்டாவது, மூன்றாவது தடவைகளில் தழும்பு இளகிவிடுவதால் அவ்வளவு வலிக்காது. அந்த இடம் வெளுத்துப்போவதும், தோல் மெலிந்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் தெரிவதும் பக்கவிளைவுகள். சுகர் உள்ளவர்களுக்குச் சில நாள் அளவு ஏறும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதுண்டு. முன்கூட்டியே சொல்லாவிட்டால் இது வீண் பீதியைக் கிளப்பும்.

ஊசிக்கு அடங்காத கெலாய்டை வெட்டத்தான் வேண்டும் என்றால், வெட்டிய பிறகு என்ன என்பதை வெட்டுமுன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். தொடர் ஊசிகளா, காது மடலானால் அழுத்திப் பிடிக்கும் கிளிப்பா, கதிர்வீச்சா. கதிர்வீச்சு என்றால் வெட்டிய 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆகவே அந்தத் துறையில் நாள் வாங்கிக்கொண்டுதான் ஆபரேஷன் தேதியையே குறிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது கிடையாது.

சாதாரணத் தழும்பு என்றால் அடுத்த கேள்வி காலம். தையல் போட்ட தோலுக்கு ஒரு வாரத்தில் பழைய பலத்தில் நூற்றில் பத்துப் பங்குக்கு மேல் இருப்பதில்லை. மூன்றாவது வாரத்தில் சுமார் 30 சதவீதம், மூன்று மாதத்தில் 80. அதற்கு மேல் ஏறுவதே இல்லை. நிறம் தணிந்து, மென்மையாகி, அரிப்பு அடங்கித் தழும்பு முதிர 12 முதல் 18 மாதம் பிடிக்கும். சிவந்து தடித்திருக்கும் போதே வெட்டினால், ஒன்று தேவையில்லாத ஆபரேஷன் செய்ததாகும், அல்லது அதே கொதிப்புள்ள தோலில் மறுபடி அதே தழும்பு எழும். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் காத்திருப்பது வழக்கம். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கையில் முகத் தழும்போடு வருகிறவர்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றே: ஆபரேஷனைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு மேக்கப் போதும்.

காத்திருக்கக் கூடாத சில உண்டு. இமையை இழுத்துக் கண் மூடவிடாமல் செய்யும் தழும்பு. கருவிழி உலர்ந்து பார்வையே போகலாம். தீக்காயத்தால் குழந்தையின் விரலோ கழுத்தோ மடங்கிப் போயிருப்பது. எலும்பு வளரும், தழும்பு கூடவே வளராது, மூட்டு கோணிக்கொள்ளும். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் வந்தால் அது வேறு கதை: தழும்புத் திருத்தம் என்று போகாமல் முதலில் சதைப் பரிசோதனை செய்ய வேண்டும், புற்றாக மாறியிருக்கலாம். சிசேரியன் தழும்பின் ஓரத்தில் ஒரு கட்டி, மாதவிலக்கு நாட்களில் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றாலும் இப்படித்தான். கருப்பை உள்வரி அங்கே ஒட்டி வளர்ந்திருக்கக்கூடும். மேல்தோலை மட்டும் திருத்தி அனுப்பினால் வலி அப்படியே இருக்கும். சிசேரியன் என்றதும் இன்னொன்று: அடுத்த பிள்ளைக்கு யோசனை இருந்தால் அதன் பிறகு வாருங்கள். அதே இடத்தைத்தான் மறுபடி திறப்பார்கள்.

இனி வெட்டும் முறை. நீள்வட்டமாக வெட்டி எடுத்துக் கோடாகத் தைப்பதுதான் அடிப்படை. நீள்வட்டத்தின் நீளம் அகலத்தைப் போல் மூன்று மடங்காவது இல்லாவிட்டால் இரு முனைகளிலும் தோல் கொம்பு மாதிரி துருத்தும். ஆகவே 2 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலமுள்ள தழும்பு, ஆபரேஷனுக்குப் பின் 3 செ.மீ. நீளக் கோடாகும். "சின்னதாக்கச் சொன்னால் பெரிதாக்கிவிட்டார்கள்" என்ற சண்டை இந்தக் கணக்கைச் சொல்லாததால் வருவது.

இழுத்துப் பிடிக்கும் தழும்புக்கு ஆங்கில இசட் எழுத்து வடிவிலான முறை. கழுத்தின் முன்புறம் மேலிருந்து கீழாக 3 செ.மீ. நீளத்தில் ஓர் இறுகிய பட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டையின் மேலேயே நடுக்கோடு. அதன் இரு முனைகளிலிருந்தும் எதிரெதிர்ப் பக்கமாக, 60 பாகைச் சாய்வில், அதே 3 செ.மீ.க்கு இரண்டு கோடுகள். இதில் உண்டாகும் இரண்டு முக்கோணத் தோல் மடல்களையும் தூக்கி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துத் தைத்தால், நடுக்கோடு 90 பாகை திரும்பிக் கழுத்து மடிப்போடு படுத்துவிடும். பட்டை ஓடிய திசையில் நீளம் கணக்குப்படி 75 சதவீதம் கூடும், அதாவது 5¼ செ.மீ. வரை. 45 பாகை வைத்தால் 50 சதவீதம், 30 பாகைக்கு 25. உயிருள்ள தோலில் கணக்கைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். இந்த நீளம் பக்கவாட்டுத் தோலிலிருந்து வாங்கிய கடன். அதனால்தான் மருத்துவர் தழும்புக்கு இருபுறமும் தோலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்க்கிறார். கிள்ள வரவில்லை என்றால் கடன் கிடைக்காது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவதுதான் வழி. அப்போது எடுத்த இடத்திலும் ஒரு தழும்பு வரும், ஒட்டிய தோல் சுருங்காமலிருக்க மாதக்கணக்கில் பட்டையும் பயிற்சியும் தேவை. இசட் முறையிலும் ஒரு கோட்டோடு வந்தவர் மூன்று கோடுகளோடு போவார். காகிதத்தில் வரைந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

லேசர் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சிவப்பைத் தணிக்கவும், மேடுபள்ளத்தைக் கொஞ்சம் நிரவவும் உதவும். இறுகிய பட்டையை அவிழ்க்காது. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் லேசர் பட்ட இடம் கறுத்துப்போகும் அபாயம் கூடுதல், எனவே ஒரு மூலையில் சோதனையாக அடித்துப் பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது.

தேதி குறித்த பின் வேலைகள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களே நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை போன்றவற்றை "அதெல்லாம் மருந்தா" என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள், ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. சிகரெட்டை நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். முக்கோண மடலின் நுனிக்கு ரத்தம் போகும் குழாய்கள் மயிரிழை போன்றவை. புகை அவற்றைச் சுருக்கினால் நுனி கறுத்து அழுகும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1.சி. என்கிற ரத்தப் பரிசோதனை) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தள்ளிப்போடச் சொல்வார்கள், அது நியாயமானதுதான். கத்திரிக்காயும் முட்டையும் மீனும் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் இருந்து, வெறும் ரசஞ்சோற்றோடு இரண்டு வாரம் ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. காயம் ஆறப் புரதம் வேண்டும். ஒவ்வாமை இல்லாத எதையும் சாப்பிடலாம்.

காகித வேலையும் உண்டு. விபத்து வழக்கோ அடிதடி வழக்கோ நிலுவையில் இருந்தால், திருத்துமுன் தழும்பை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, காயச் சான்றிதழோடு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாக அந்தத் தழும்பைத்தான் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதும் நல்லது. சிரிப்பாக இருக்கலாம், சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் சிரிக்க முடியாது. மருத்துவக் காப்பீட்டில் அழகுக்கான சிகிச்சை பொதுவிலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பும், மருத்துவரீதியாக அவசியமானதும் அந்த விலக்குக்குள் வராது. எனவே பரிந்துரைக் கடிதத்தில் "தழும்பு திருத்தம்" என்ற இரண்டு சொல்லோடு விடாமல், எந்த மூட்டு எத்தனை பாகைக்கு மேல் நிமிரவில்லை என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி.யிலும் இதே பிரிவினைதான்: காயத்தால் கெட்ட உறுப்பைச் சீரமைப்பதற்கு விலக்கு உண்டு, வெறும் அழகுக்கு இல்லை.

ஆபரேஷன் அன்று கோடு வரைவதை உட்கார்ந்த நிலையில், மரத்துப்போகும் ஊசிக்கு முன்பே முடிக்க வேண்டும். படுத்தால் முகத் தோல் காதுப் பக்கம் சரிந்துவிடும். ஊசி மருந்து தோலை உப்ப வைத்துக் கோட்டைக் குழப்பும். சின்னத் தழும்புக்கு மயக்க மருந்து வேண்டாம். உள்ளே கரையும் நூலால் போடும் தையல்தான் உண்மையில் சுமை தாங்குவது. வெளித்தையல் விளிம்புகளைச் சமமாகப் பொருத்துவதற்கு மட்டும். வெளித்தையலை முகத்தில் 5 முதல் 7 நாளில் பிரிக்க வேண்டும், கை கால்களில் 10 முதல் 14. ஊருக்குப் போய்விட்டு முகத் தையலோடு மூன்றாவது வாரம் வந்தால் கோட்டின் இருபுறமும் ரயில் தண்டவாளம் மாதிரிப் புள்ளிகள் நின்றுவிடும், அதற்கு இன்னொரு திருத்தம்தான்.

தையல் பிரித்த பின் கோட்டுக்கு குறுக்காக, தோலை இரு பக்கமிருந்தும் நெருக்கி, காகித டேப் ஒட்ட வேண்டும். 6 முதல் 12 வாரம். தினமும் பிய்த்து மாற்ற வேண்டாம், தானே கழலும்போது மாற்றினால் போதும். காயம் முழுசாக மூடிய பிறகு சிலிக்கான் பட்டை: ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், குறைந்தது இரண்டு மூன்று மாதம். நம் வெயிலில் அடியில் வேர்த்து வேர்க்குரு வரும். தினமும் பட்டையையும் தோலையும் சோப்பில் கழுவி உலர்த்திவிட்டு ஒட்டுங்கள். முகத்தில் பட்டை ஒட்டிக்கொண்டு வெளியே போக முடியாதவர்கள் ஜெல்லை இருவேளை மெல்லிசாகத் தடவலாம். காயாமல் பிசுபிசுத்தால் அளவு அதிகம். வெயில் படும் இடமென்றால் எஸ்.பி.எஃப். 30-க்கு மேலான சன்ஸ்கிரீன், வெளியில் இருக்கும்போது இரண்டு மணிக்கொரு தடவை. புதுத் தழும்பு வெயிலில் கறுத்தால் வெளுக்க மாதங்கள் ஆகும்.

இரண்டாவது மாதத்தில்தான் பலர் கோபத்தோடு வருகிறார்கள். தையல் பிரித்த அன்று மெல்லிய கோடாக இருந்தது இப்போது சிவந்து, தடித்து, அரிக்கிறது. பழசே தேவலை என்று தோன்றும். இது ஆறுகிற வழிதான். உடம்பு அந்த வாரங்களில்தான் நார்ப்பொருளை வேகவேகமாக இடுகிறது, பிறகுதான் அதைச் செதுக்கும். இந்தக் கட்டத்தில் வேறு மருத்துவரிடம் போய் மறுபடி வெட்டிக்கொள்வது மிகக் கெட்ட யோசனை. கோட்டின் நடுவில் ஒரு பரு மாதிரி எழும்பி, அதிலிருந்து நூல் துண்டு எட்டிப் பார்த்தாலும் பயப்பட வேண்டாம். உள்தையல் கரையாமல் வெளியேறுகிறது, ஓ.பி.யில் இடுக்கியால் எடுத்துவிடுவார்கள். தடிப்பு மூன்றாவது மாதத்துக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனாலோ, கோட்டைத் தாண்டினாலோ ஊசிக்கு வர வேண்டும். முதல் இரண்டு நாளில் திடீரென வீங்கி விண்விண் என்று தெறித்தாலோ, கட்டு நனைய ரத்தம் வந்தாலோ, நாலாம் ஐந்தாம் நாளில் காய்ச்சலும் சீழும் கண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இரவானாலும் போங்கள்.