காற்று எவ்வளவு?

தடகளப் போட்டி என்றால் எனக்கு ஒரு சின்ன அறைதான். மைதானத்தின் மாடத்து உச்சியில், முடிவுக் கோட்டுக்கு நேராக இருக்கும். ஜன்னலில் கேமரா, பின்னால் இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு வாக்கிடாக்கி. ஓடி வருகிற பிள்ளைகளின் முகம் அங்கிருந்து சரியாகத் தெரியாது. அவர்களுடைய நெஞ்சு எந்தக் கணத்தில் கோட்டைத் தொட்டது என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் வேலை. போட்டோ ஃபினிஷ் என்றால் எல்லோருக்கும் புரியும்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவோடு தோஹா போனவன் நான். முதலில் ஸ்கோர்போர்டு பழுது பார்க்கிற வேலை. அங்கிருந்து நேரக் கணிப்புக் குழுவுக்கு வந்தேன். சில வருடங்களுக்கு முன்னால், அரபு நாடுகளின் ஜூனியர் தடகளப் போட்டி ஒன்றுக்காக எங்கள் குழு பெட்டிகளோடு வட ஆப்பிரிக்கக் கரையோர நகரம் ஒன்றுக்குப் போனது. ஊரையும் ஆண்டையும் சொல்லாமல் விடுகிறேன். அங்கே என் கையால் ஒரு தவறு நடந்தது. அதில் பாதிக்கப்பட்ட பிள்ளையை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம்.

எங்கள் தலைமை நடுவர் சூடான்காரர், அறுபதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை உஸ்தாத் என்று கூப்பிடுவோம், ஆசிரியர் என்று பொருள். அவர் என்னை 'யா இப்னி' என்பார், மகனே என்று. படத்தைப் படிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

அந்தப் படம் சாதாரணப் படம் மாதிரி இருக்காது. கேமரா முடிவுக் கோட்டை மட்டும், அந்த ஒரு மெல்லிய கீற்றை மட்டும், வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் எடுத்து வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும். படத்தில் இடமிருந்து வலமாக ஓடுவது நேரம். ஒருவருடைய பாதம் சரியாகக் கோட்டின் மேல் ஊன்றிவிட்டால், அது அசையாமல் நிற்கிற அத்தனை நேரமும் பதிவாகி, பலகை போல நீண்டு கிடக்கும். வேகமாக வீசின கை குச்சியாகச் சிறுத்துப் போகும். தலை, கை, கால் எதுவும் கணக்கில் வராது. கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு எங்கே கோட்டைத் தொடுகிறதோ அங்கேதான் செங்குத்துக் கோட்டை இழுத்து வைக்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தாலும் நேரத்தை மேல்பக்கம் முழுமையாக்க வேண்டும். 12.603 என்று விழுந்தால் 12.61 என்றுதான் எழுதுவோம்.

ஜூனியர் என்றால் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று 20 வயது நிறையாதவர்கள். ஆண்கள் குண்டு எறிதலில் பெரியவர்களுடைய 7.26 கிலோ குண்டு கிடையாது, 6 கிலோ. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரம் 106.7 சென்டிமீட்டருக்குப் பதில் 99.1. ஆனால் கோடு ஒன்றுதான், கடிகாரமும் ஒன்றுதான். பிள்ளைகள்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கட்டும் என்று அங்கே எதையும் விட முடியாது.

முதல் நாள் காலையில் பயிற்சியாளர்கள் தேநீர் மேசையைச் சுற்றி நின்றபோது எனக்கு மொழி தலையைச் சுற்றியது. நான் பேசுவது தோஹா கடைத்தெருவில் கற்ற அரபு. மொராக்கோக்காரரும் அல்ஜீரியக்காரரும் பாதி பிரெஞ்சு கலந்து வேகமாகப் பேசினால், வளைகுடாக்காரர்களே இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்கள். எகிப்துக்காரர் வாயைத் திறந்தால் எல்லோருக்கும் புரிகிறது, எத்தனை வருடமாக அவர்கள் சினிமாவைப் பார்க்கிறார்கள்! உஸ்தாத் எந்த மேசையில் நின்றாலும் பேச்சு ஓட்டத்துக்கு வந்துவிடும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கிய மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் அரபு நாடுகளிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் பெண். அப்புறம் பேச்சு 1992-க்குத் தாவியது. அந்த வருடம் சியோலில் நடந்த உலக ஜூனியர் 5000 மீட்டரில் மூன்றாவதாக வந்த பையன் ஹிஷாம் எல் குரூஜ். முதலில் வந்தது எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசிலாசி. அந்த மூன்றாமவர் 1998-ல் ரோமில் 1500 மீட்டரை 3 நிமிடம் 26.00 வினாடியில் ஓடினார், உலக சாதனை. கத்தாரின் முதாஸ் பர்ஷிம் 2010-ல் கனடாவின் மாங்க்டனில் உலக ஜூனியர் உயரம் தாண்டுதலை வென்றதைச் சொல்லும்போது உஸ்தாத்துக்குக் குரல் மாறும். பர்ஷிமின் அப்பா சூடானிலிருந்து வந்தவர். அப்படியே பெய்ஜிங் 2008-க்கு வந்து நிறுத்துவார். 800 மீட்டரில் இஸ்மாயில் அஹமது இஸ்மாயில் வாங்கின வெள்ளி, சூடானின் ஒரே ஒலிம்பிக் பதக்கம்.

இவர்களெல்லாம் ஒரு காலத்தில் ஏதோ ஒரு மைதானத்தில், யாரோ ஒருவர் எழுதின நேரத்தை நம்பித்தான் அடுத்த படிக்குப் போனார்கள் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் நாள்தான் தோன்றியது.

பெண்கள் 100 மீட்டர் தகுதிச் சுற்று, மொத்தம் மூன்று ஓட்டம். 100 மீட்டரில் காற்றையும் அளக்க வேண்டும். முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி, முதல் தடத்தின் ஓரமாக, 1.22 மீட்டர் உயரத்தில் காற்றுமானி நிற்கும். துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 வினாடி அளக்கும். பின்னாலிருந்து வீசுகிற காற்று வினாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. காற்று எவ்வளவு என்றே தெரியாவிட்டாலும் சேராது.

வழக்கமாகத் துப்பாக்கிச் சத்தத்தோடு காற்றுமானியும் தானாகவே ஓடத் தொடங்கும். அன்று காலை கணினிக்கும் அதற்கும் இடையில் இணைப்பு நிற்கவில்லை. சரி, கையால் அழுத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். அழுத்தும் பொறுப்பு என்னுடையது. முதல் இரண்டு ஓட்டத்திலும் சரியாக அழுத்தினேன், 0.6, 0.9 என்று வந்தது. மூன்றாவதற்கு முன்னால் 4, 5-ஆம் தடங்களின் பெயர் மாறிக் கிடப்பதாகக் கீழேயிருந்து வாக்கிடாக்கியில் சத்தம். பெயரை மாற்றித் தட்டிக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வெடித்தது. நிமிர்ந்து பார்த்தபோது பிள்ளைகள் முப்பது மீட்டர் போயிருந்தார்கள்.

கேமராவில் குறையில்லை, எட்டுப் பேரும் படத்தில் தெளிவாக இருந்தார்கள். காற்றுக்கான கட்டம் மட்டும் காலி.

உதவிக்கு இருந்த உள்ளூர் பையன், "மஅலேஷ், பரவாயில்லை, 0.8 போட்டுடுங்க. முன்னாடி ரெண்டும் அப்படித்தானே இருந்துச்சு" என்றான். நல்ல பையன், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். எனக்கும் விரல் அந்த எண்கள் பக்கம் போனது, அதை மறைக்கவில்லை. உஸ்தாத் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அளந்தியா?"

"இல்லை, உஸ்தாத்."

"அப்ப எழுதாதே, யா இப்னி."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. எனக்கு அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் ஒருவர் படியேறி வந்தார். மெலிந்த மனிதர், கையில் முடிவுத்தாள், அதில் ஒரு வரி பேனாவால் கோடிடப்பட்டிருந்தது. அவர் நாட்டிலிருந்து மொத்தமே இரண்டு பிள்ளைகள், அவர்தான் பயிற்சியாளர், அவர்தான் மேலாளர், பையைத் தூக்குகிறவரும் அவர்தான். மூன்றாவது ஓட்டத்தில் ஆறாவதாக வந்த பெண் அவருடைய மாணவி. 12.61. அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. ஆனால் அவர்கள் நாட்டு ஜூனியர் சாதனையைவிட அது நல்ல நேரம்.

"காற்று எவ்வளவு?" என்று கேட்டார்.

தாளில் கட்டம் காலியாக இருந்ததை அவர் பார்த்திருந்தார். அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறார். நான் பதில் சொல்லாமல் நின்றதும், "மெஷின் பழுதா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்றால் முடிந்துவிடும். இணைப்பு போனதும் உண்மைதான்.

"மெஷின் நல்லாத்தான் இருந்தது. நான் அழுத்தலை" என்றேன்.

அவர் கதவோரப் படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இதை அவகிட்ட நீங்களே வந்து சொல்றீங்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வார்ம்-அப் மைதானத்து நிழலில் அந்தப் பெண் ஸ்பைக்ஸைக் கழற்றிவிட்டு, கெண்டைக்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயதுக்கு மேல் இருக்காது. எனக்குத் தெரிந்த அரபில் சொன்னேன். பாதி புரிந்திருக்கும், மீதியைப் பயிற்சியாளர் சொன்னார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆனா 12.61 நிஜம்தானே?"

"நிஜம்."

படத்தைக் கொடுத்தேன். எட்டுப் பேரில் தன்னைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவளுடைய வலது பாதம் கோட்டின் மேல் விழுந்து படகு மாதிரி நீண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் காலைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். நெஞ்சின் மேல் நான் இழுத்து வைத்திருந்த செங்குத்துக் கோட்டை விரலால் மேலிருந்து கீழாகத் தடவினாள். எனக்குத் தொண்டை அடைத்தது. இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் பேர் மேல் அந்தக் கோட்டை இழுத்திருப்பேன். அது ஒருவருடைய உடம்பு என்று அன்றுதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இப்படிப்பட்ட போட்டிக்குப் பெரிய நாடுகள் ஐம்பது அறுபது பேரோடு வரும். அவர்களுக்கு இது ஒரு படி, அடுத்து ஆசியப் போட்டி, ஆப்பிரிக்கப் போட்டி, உலக ஜூனியர் என்று இருக்கிறது. இரண்டு பேரை அனுப்புகிற நாட்டுக்கு நல்ல செயற்கைத் தடம், போட்டோ ஃபினிஷ், காற்றுமானி மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதே இங்கேதான். ஊரில் ஸ்டாப்வாட்ச்சைக் கையால் அழுத்திப் பிடித்த நேரத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். ஆறாவதாக வருகிற பெண்ணும் எட்டாவதாக வருகிற பையனும் பதக்கத்துக்காக விமானம் ஏறுவதில்லை. ஒரு தாளுக்காக வருகிறார்கள், எல்லாக் கட்டமும் நிரம்பிய ஒரு தாளுக்காக. முதல் மூன்று பேரைத்தான் அப்போதெல்லாம் நான் கவனமாகப் படிப்பேன். மீதிப் பேரை வேகமாக இழுத்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குத் தயாராவேன். நேரம் தப்பாது, ஆனால் மனசு அங்கே இருக்காது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அன்று இரவு இணைப்பைச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆனது. இணைப்பானில் ஈரம் ஏறிப் பச்சை பிடித்திருந்தது, கடற்காற்று. மறுநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் 50 மீட்டரையும் 1.22 மீட்டரையும் திரும்ப அளந்தேன். அளக்கத் தேவையில்லை, முந்தின நாளே அளந்ததுதான். இருந்தாலும் போனேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் உஸ்தாத் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ரீஹ்?" என்று கேட்பார். காற்று என்று பொருள். நான் "ஜாஹிஸ்" என்பேன், தயார் என்று. அந்தப் போட்டி முடிகிறவரை ஒரு தடவைகூட அவர் கேட்காமல் விடவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு 200 மீட்டர் இருந்தது. 200-ல் காற்றை ஆரம்பத்திலிருந்து அளப்பதில்லை, முதலில் வருகிறவர் வளைவு முடிந்து நேர்த்தடத்துக்குள் நுழையும்போது தொடங்கி 10 வினாடி. கண்ணை எடுக்காமல் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அழுத்தினேன். அவள் எட்டாவதாக வந்தாள். கடைசி ஐம்பது மீட்டரில் கெண்டைக்காலைக் காப்பாற்றி ஓடினது மேலிருந்தே தெரிந்தது. அவளுக்கு அது சாதாரண நேரம். எட்டு பேரையும் படித்து முடித்து, அவள் மேல் கோட்டை வைத்துவிட்டு உஸ்தாத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து பார்த்து, ஒரு புள்ளி இடது பக்கம் நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன்.

பயிற்சியாளர் அன்றும் படியேறி வந்தார். அந்த நேரத்தை வைத்து எந்த ஊரிலும் எதுவும் செய்ய முடியாது என்று அவருக்கும் தெரியும்.

"காற்று எவ்வளவு?"

"எதிர்க்காற்று. 1.3."

தாளை வாங்கி அந்த எண்ணின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.