ஒன்றாம் வகுப்பு தமிழில்தான் படித்தேன், சத்தியமாக

பட்டதாரி ஆசிரியர் தேர்வுக்கு ராத்திரி கண்விழித்துப் படித்தது மூன்று மாதம். ஒன்றாம் வகுப்பைத் தமிழில் படித்தேன் என்று நிரூபிக்க அலைந்தது பதினோரு நாள். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். படிப்பதாவது நம் கையில் இருந்தது.

தேர்வுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017-ல் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 94 எடுத்துத் தேறினேன். 'அப்பாடா' என்று உட்கார்ந்த மறு வருஷமே அரசாணை 149 வந்தது: டெட் வெறும் தகுதிதான், வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுது என்று. அந்தத் தேர்வு கண்ணில் படுவதற்கு 2024 பிப்ரவரி 4 ஆகிவிட்டது. டெட் சான்றின் ஏழு வருஷக் கெடுவை 2021-ல் எடுத்துவிட்டு ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்களோ, பிழைத்தேன். இல்லையென்றால் என் 94 2024-ஓடு பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளில் 50-க்கு 20 எடுத்தால்தான் பாடத்தாளையே திருத்துவார்கள், அதில் 43. சமூக அறிவியல் தாளும் நன்றாகவே எழுதியிருந்தேன். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது.

என் மதிப்பெண்ணுக்குப் பொதுவான சுற்றில் இடம் கிடைப்பது சந்தேகம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டில் வந்தால் உண்டு. அந்தப் பி.எஸ்.டி.எம். (தமிழ் வழியில் படித்தோர்) சட்டம் 2010-ல் வந்தபோது, பணிக்குக் கேட்கும் கல்வித் தகுதியைத் தமிழில் படித்திருந்தால் போதும் என்றிருந்தது. பள்ளி முழுக்க ஆங்கில வழியில் படித்துவிட்டுக் கடைசிப் படிப்பை மட்டும் தமிழில் முடித்தவர்களும் உள்ளே வருகிறார்கள் என்று குரல் எழுந்து, 2020-ல் திருத்தினார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாமே தமிழில் இருக்க வேண்டும். நியாயமான திருத்தம். என்னைப் போல ஊர்ப் பள்ளியில் படித்தவளுக்காகத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் ஊர்ப் பள்ளி இருந்தால்தானே சான்று வாங்க?

எங்கள் ஊர் நிதியுதவி தொடக்கப் பள்ளியை, பிள்ளைகள் இல்லை என்று மூடிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கட்டடம் நிற்கிறது. வாசலில் யாரோ நெல் காயப்போடுகிறார்கள். இ-சேவை வழியாகவும் பள்ளிச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாமே என்று தோழி சொன்னாள். போய் உட்கார்ந்தோம். மையத்துப் பையன் பட்டியலை மேலும் கீழும் உருட்டிவிட்டு, "அக்கா, இப்படி ஒரு ஸ்கூலே இல்லையே" என்றான். ஐந்து வருஷம் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி அப்படிக் கேட்பது ஒரு மாதிரியாக இருந்தது.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த அரசுப் பள்ளியில் சான்று அரை மணி நேரத்தில் கிடைத்தது. கலைக் கல்லூரியிலும் அப்படித்தான், மறுநாள் காலையில் கையில் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சியது இரண்டு: ஒன்று முதல் ஐந்து வரை, அப்புறம் பி.எட்.

முதல் நாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். "ஏ.இ.ஓ. ஆபீஸ்லதான் ரெக்கார்ட் எல்லாம் இருக்கும்" என்று அப்பா வீட்டிலேயே சொன்னார். ஏ.இ.ஓ. (உதவித் தொடக்கக் கல்வி அலுவலர்) என்ற பதவியே இப்போது இல்லை, அது பழைய பெயர் என்று அவருக்கு விளக்கி, பெரிய அலுவலகத்துக்கே போவோம் என்று டி.இ.ஓ. ஆபீஸுக்கு, அதாவது மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு, "இது இடைநிலைக் கல்வி டி.இ.ஓ. ஆபீஸும்மா. உங்களுக்குத் தொடக்கக் கல்வி டி.இ.ஓ." என்றார்கள். 2018-ல் எல்லாவற்றையும் ஒரே குடையில் கொண்டுவந்து, 2022-ல் மறுபடி தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளிகள் என்று பிரித்த கதை எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். போர்டைச் சரியாகப் படிக்கவில்லை, அவ்வளவுதான். தொடக்கக் கல்வி அலுவலகம் வேறு ஊரில். அங்கே போனால், மூடிய பள்ளியின் பதிவேடுகள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருக்கும் என்றார்கள். அதாவது அப்பா சொன்ன அதே ஏ.இ.ஓ. ஆபீஸ், வேறு பெயரில். அப்பா ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்த மௌனத்துக்குத் திட்டியிருக்கலாம்.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எழுத்தர் நல்லவர். அதையும் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் பீரோவைத் திறந்து, மூட்டை மூட்டையாக எடுத்துப் போட்டார். சணல் கயிற்றில் கட்டிய பதிவேடுகள். ஒன்றின் ஓரத்தைக் கரையான் வளைவாக அரித்திருந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் 1995 ஜூன் பக்கத்தை அவர் விரித்தபோது என் பெயர் நீல மையில் இருந்தது, எங்கள் தலைமையாசிரியையின் கையெழுத்தில். 'ழ'வின் வாலை நீட்டி அடுத்த வரி வரைக்கும் இழுத்துவிடுவார். என் பெயரில் ழ இருக்கிறது. அதைப் பார்த்ததும், வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கட்டம் கட்டமாக விரலை ஓட்டினார். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சாதி, சேர்ந்த வகுப்பு, சேர்ந்த தேதி, விலகிய தேதி. விரல் கடைசிக் கட்டத்தில் நின்றது.

"பயிற்று மொழின்னு ஒரு கட்டமே இல்லையேம்மா இதுல. இல்லாததை வெச்சு எப்படி எழுதித் தர்றது?"

"சார், அந்தப் பள்ளிக்கூடத்துல தமிழைத் தவிர வேற எதுவுமே கிடையாது சார்."

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ரிஜிஸ்டருக்குத் தெரியணுமே?"

கோபம் வந்தது. ஆனால் அவர் நிலைமையும் புரியாமல் இல்லை. பொய்யான பி.எஸ்.டி.எம். சான்று கொடுத்ததாகப் பிரச்சினை கிளம்பினால் கையெழுத்துப் போட்டவர் தலைதான் முதலில் உருளும். "பயிற்று மொழி எழுதின ஏதாவது ஒரு காகிதம் கொண்டுவாங்க, அன்னிக்கே அதிகாரிகிட்ட கையெழுத்து வாங்கித் தர்றேன்" என்றார். ஏதாவது ஒரு காகிதம். எங்கே போவது?

அன்று ராத்திரி அம்மாதான் பெரிய டீச்சரின் எண்ணைப் பிடித்தாள். எங்கள் ஊரில் தலைமையாசிரியைக்கு அதுதான் பெயர். ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறது; பேரைச் சொன்னதும், "ஆமா, மூணாவது பெஞ்சு" என்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "ஏட்டி, நீ அஞ்சாப்பு முடிச்சுப் போறப்ப உனக்கு ரெக்கார்டு ஷீட் எழுதிக் கொடுத்தேனே. அதைக் குடுக்காமயா ஆறாப்புல சேத்துருப்பாக? அது அந்தப் பள்ளிக்கூடத்துலதான் கெடக்கும். பயிற்று மொழி, தமிழ்னு நான்தான் எழுதினேன்."

ரெக்கார்டு ஷீட்! தொடக்கப் பள்ளியில் டி.சி. கிடையாது, ரெக்கார்டு ஷீட்தான் என்பதை நானே மறந்திருந்தேன். தனியார் பள்ளியில் எட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கையில் உட்கார்ந்து பதிந்திருக்கிறேன், இது தோன்றவில்லை.

ஆனால் கோடை விடுமுறை. அரசுப் பள்ளி அலுவலகத்தில் நான் முன்னால் போனபோது சேர்க்கை வேலைக்காகத் தலைமையாசிரியர் இருந்தார். இப்போது போனால் அவர் பயிற்சிக்குப் போயிருந்தார். அலுவலக உதவியாளர் அண்ணன் மட்டும் இருந்தார். சாவி அவரிடம் இருந்தது, அனுமதி இல்லை. போனில் தலைமையாசிரியரைப் பிடித்து, அவர் சரி என்று சொல்லி, 2000-ஆம் வருஷச் சேர்க்கைக் கட்டை மாடி அறையிலிருந்து இறக்க மூன்று மணி ஆனது. பழுப்பேறிய ஒரு தாள். அதே நீல மை. நாலாவது வரியில் பயிற்று மொழி என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு எதிரே 'தமிழ்'. அந்த ழ-வின் வால் கீழே இருந்த தேதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட நகல் மறுநாள்தான் கிடைத்தது. அதைக் கொண்டுபோய் வைத்ததும் எழுத்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்றைக்கே கையெழுத்து. பிறகு எனக்கே பயமாக இருந்ததால் டி.இ.ஓ.விடம் மேலொப்பமும் வாங்கிக்கொண்டேன். இந்த முறை போர்டைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

சான்று கைக்கு வந்ததும், இடத்தை விட்டு எழுவதற்கு முன் அதில் உள்ள வருஷங்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். எனக்கு எழுத்தர் 1995–2001 என்று அடித்திருந்தார். 2000 ஜூனில் நான் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வருஷத்தில் இரண்டு பள்ளியில் படித்தவளாகப் போய் நின்றிருப்பேன். கேட்டதும் திருத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் இன்னொரு நாள் போயிருக்கும்.

பி.எட். கல்லூரியைப் பற்றி எழுதும்போது இன்னமும் ரத்தம் கொதிக்கிறது. நான் படித்தது 2010–11, பி.எட். ஒரே வருஷமாக இருந்த காலம். முதல் தடவை போனது திங்கட்கிழமை. முதல்வர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவாராம். போனில் கேட்டபோது அலுவலகத்து அம்மா இதைச் சொல்லவில்லை, "வாங்க, தர்றோம்" என்றார். செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். கல்லூரி லெட்டர்பேடில் அழகாக டைப் அடித்து, முத்திரை குத்தி ஒரு தாள் கொடுத்தார்கள். 'மேற்படி மாணவி தேர்வுகளைத் தமிழில் எழுதினார்' என்று.

தேர்வைத் தமிழில் எழுதியது வேறு, தமிழ் வழியில் படித்தது வேறு. ஆங்கில வழிப் பிரிவில் பெயர் இருக்கும், தேர்வை மட்டும் தமிழில் எழுதியிருப்பார்கள். அப்படி எத்தனையோ பேர் உண்டு. அவர்களுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. அதனால்தான் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கையோடு தன் படிவத்தையே கொடுக்கிறது, அந்த வாசகம் மாறக்கூடாது. அந்தப் படிவத்தை அச்செடுத்து நானே கொண்டுபோயிருந்தேன். நீட்டினால், "நாங்க எல்லாருக்கும் இப்படித்தான் தர்றோம், யாரும் திரும்பி வந்ததில்லை" என்கிறார். திரும்பி வராதவர்கள் என்ன ஆனார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நேராக முதல்வர் அறைக்கே போனேன். அவர் என் டி.சி.யில் பயிற்று மொழி தமிழ் என்று இருப்பதைப் பார்த்தார், படிவத்தைப் படித்தார், "இதுல போட்டுக் குடுங்க" என்று ஒரே வரியில் முடித்தார். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் படிவத்தை நிரப்ப ஆள் இல்லை, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று வெளியே சொன்னார்கள். வெள்ளிக்கிழமை 'பழைய மாணவர் நல நிதி' என்று 500 ரூபாய் கேட்டார்கள். ரசீது கேட்டதும் 200 ஆனது. அதற்கும் ரசீது இல்லை. கொடுத்துவிட்டு வந்தேன். சண்டை போடுகிற நிலையில் நான் இல்லை.

கல்யாணமான பெண்களுக்கு ஒன்று. சாதிச் சான்று தகப்பனார் பெயரில்தான் இருக்க வேண்டும், கணவர் பெயரில் வாங்கியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். என்னுடையது சரியாக இருந்தது. சரிபார்ப்பு அன்று எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு இல்லை, மேசையிலேயே அழுதுவிட்டாள்.

சரிபார்ப்பு நடந்தது ஒரு வியாழக்கிழமை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா பென்சிலை எடுத்துக்கொண்டு என் ஐந்து தாள்களிலும் வருஷங்களை மட்டும் வட்டமிட்டார். 95–2000. 2000–05. 05–07. 07–10. 10–11. ஒன்றின் வால் அடுத்ததன் தலையைத் தொடுகிறதா என்று பார்க்கிறார். தொட்டது. பி.எட். தாளில் மட்டும் வாசகத்தை உதட்டசைத்துப் படித்தார். டிக் போட்டு அடுத்த கோப்பை இழுத்தார். ரெக்கார்டு ஷீட் நகலை எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் செருகியிருந்தேன். அதுவரைக்கும் அவர் புரட்டவில்லை.

வெளியே மரத்தடியில் ஒரு பெண் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணிதம், சனிக்கிழமைதான் முறை, அக்காவுக்குத் துணையாக வந்தாளாம். பேச்சுக்கொடுத்தபடி அவள் தாள்களைப் பார்த்தேன். பி.எட். சான்று அதே கல்லூரி, அதே லெட்டர்பேட், 'தேர்வுகளைத் தமிழில் எழுதினார்.'

"இது செல்லாதும்மா."

அவள் முகம் வெளிறிவிட்டது. "இனிமே நான் எங்கே போய் வாங்குவேன், அக்கா..."

என்னிடம் படிவத்தில் இரண்டு நகல் மிச்சமிருந்தது. ஒன்றைக் கொடுத்தேன். அலுவலகத்து அம்மாவிடம் பேசாதே, நேரே முதல்வர் அறைக்குப் போ, டி.சி.யைக் கையில் வைத்துக்கொள், நிரப்பிக்கொண்டே போய் நீட்டு, கையெழுத்து மட்டும்தான் மிச்சமிருக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"நாளைக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள்.

"வெள்ளி. இருப்பார். ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பு."