பைக் கவுண்டியின் செம்மண்ணில்: ஜான் லூயிஸ் வளர்ந்த நிலம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமரிக்கு வரும் பயணிகள் பெரும்பாலும் ரோசா பார்க்ஸ் கைதான இடத்தையும் மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த தேவாலயத்தையும் பார்த்துவிட்டு மேற்கே செல்மா பாலத்துக்குப் போய்விடுகிறார்கள். தெற்கே 231ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 மைல் தொலைவிலுள்ள ட்ராய் என்னும் சிறு நகரம் யாருடைய பயணத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை கோரிய ஊர்வலத்தின் முன்வரிசையில் நின்று, காவலரின் தடியடியில் மண்டை உடைபட்ட கறுப்பின உரிமைப் போராளி ஜான் லூயிஸுக்கு அப்போது வயது 25 தான். தடியோங்கி வருபவர்களுக்கு எதிரே கோட்டுப் பைகளில் கைகளை விட்டபடி நிற்கும் துணிவு அந்த வயதில் ஒருவருக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பாலத்தைப் பார்ப்பதால் விடை கிடைக்காது. அவர் வளர்ந்த, ட்ராயைச் சுற்றியுள்ள பைக் கவுண்டி என்னும் வட்டாரத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதால் நான் தெற்கே திரும்பினேன்.

ட்ராய் நகரைத் தாண்டி ஊர்ப்புறச் சாலைகளுக்குள் நுழைந்ததும் இருபுறமும் ஊசியிலை மரங்கள் அடர்ந்துவிடுகின்றன. முன்பு பருத்தி விளைந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று மரத்துக்காக வளர்க்கப்படும் பைன் தோப்பாகவோ மேய்ச்சல் நிலமாகவோ மாறியிருக்கிறது. இடையிடையே நிலக்கடலை வயல்களும், தகரக் கூரையிட்ட நீண்ட கோழிப் பண்ணைக் கொட்டகைகளும் தெரிகின்றன. வழியில் ஒரு கடையில் ஓட்டோடு உப்பிட்டு வேகவைத்த கடலையை ஆவி பறக்க விற்றுக்கொண்டிருந்தார்கள். அலபாமாவில் எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படாத உணவு அது ஒன்றுதான். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் மண் செக்கச்சிவப்பாக இருக்கிறது. முதல்நாள் பெய்த மழையில் ஊறியிருந்த களிமண் நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஏறிக்கொண்டது.

இந்த மண்ணில்தான் 1940 பிப்ரவரி 21 அன்று எடி லூயிஸ், வில்லி மே தம்பதியின் பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவனாக ஜான் ராபர்ட் லூயிஸ் பிறந்தான். வீட்டில் அவனை ராபர்ட் என்றே அழைத்தார்கள். பெற்றோர் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். அன்றைய தெற்கில் அந்த ஏற்பாடு நடந்த விதம் இதுதான்: நிலம் வெள்ளைக்காரருடையது, விதை, உரம், கோவேறு கழுதை, அறுவடை வரை சாப்பாட்டுக்கான சாமான்கள் அனைத்தும் அவரிடமோ அவர் கைகாட்டும் கடையிலோ கடனாக வரும், விளைந்த பருத்தியில் பாதி அவருக்கு, மீதிப் பாதியில் கடனும் வட்டியும் கழியும். கணக்கு நோட்டு அவர் கையில் இருந்தது. ஆண்டுக் கடைசியில் கணக்குத் தீர்க்கும்போது கையில் சில டாலர்கள் மிஞ்சினால் அது நல்ல ஆண்டு. பெரும்பாலான ஆண்டுகளில் கடனே அடுத்த ஆண்டுக்குத் தாவியது. அந்தச் சுழலில் சிக்கியவர்கள் தலைமுறை தலைமுறையாக எழவே இல்லை.

எடி லூயிஸ் எழுந்தார். ராபர்ட்டுக்கு நான்கு வயதிருக்கும்போது, 1944இல், சேர்த்து வைத்த 300 டாலரைக் கொடுத்து 110 ஏக்கர் நிலம் வாங்கினார். இந்த ஒரு கிரயம்தான் மகனின் வாழ்க்கையில் பின்னால் நடந்த பலவற்றுக்கும் ஆதாரம் என்று நான் நினைக்கிறேன். வீட்டில் மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ கிடையாது. ஆனாலும் யாரும் அந்தக் குடும்பத்தை மறுநாள் காலையில் வெளியேறச் சொல்ல முடியாது. சுற்றிலும் உறவினர்களும் கறுப்பினக் குடும்பங்களுமே வாழ்ந்ததால், ஆறு வயது வரை தான் பார்த்த வெள்ளையர்கள் இரண்டே பேர், ஒருவர் தபால்காரர், மற்றவர் ஊர் ஊராகச் சாமான் விற்க வருபவர் என்று லூயிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இனப்பிரிவினை அந்தச் சிறுவனின் குழந்தைப் பருவத்தைத் தொடாமல் இருக்கவில்லை. அவனைச் சுற்றி வெகு தொலைவில் போடப்பட்ட வேலியாக இருந்ததால் முதலில் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

சொந்த நிலம் என்பதால் வேலை குறைந்துவிடவில்லை. பருத்திக்குக் களை கொத்துவது, பஞ்சு எடுப்பது, கடலை பிடுங்குவது எல்லாவற்றையும் பிள்ளைகளும் செய்தார்கள். வெடித்த பருத்திக் காயின் உலர்ந்த ஓடு நுனி கூர்மையானது. பஞ்சைப் பிடுங்கும் விரல் ஒவ்வொரு முறையும் அதில் உரச வேண்டும், அதுவும் நாள் முழுவதும் குனிந்தபடி. ராபர்ட் இந்த வேலையை வெறுத்தான், வெறுப்பதை வெளிப்படையாகச் சொன்னான். உழைப்பைப் புனிதப்படுத்திப் பேசாத இந்த நேர்மை எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம்.

அவன் விரும்பி ஏற்ற வேலை ஒன்று உண்டு. ஐந்து வயதிலேயே வீட்டுக் கோழிகள் அவன் பொறுப்புக்கு வந்துவிட்டன. அடைக்கோழியின் கீழிருக்கும் முட்டைகளில் பென்சிலால் குறி போட்டு வைப்பான். பிற கோழிகள் புதிதாக இடும் முட்டைகள் குறியில்லாமல் இருக்கும் என்பதால் எது எப்போது பொரியும் என்று குழம்பாது. ஒரு கூட்டம் பொரித்து முடித்ததும் அதே கோழியின் கீழ் புது முட்டைகளை வைத்து மறுபடியும் உட்கார வைத்துவிடுவான். அந்தக் கோழிகளை ஏமாற்றியது சரியில்லை என்று எண்பது வயதை எட்டும்வரை சிரித்துக்கொண்டே சொல்லி வந்தார். சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தபால் விற்பனைப் பட்டியலில் குஞ்சு பொரிக்கும் கருவி ஒன்றின் படத்தை அவன் திரும்பத் திரும்பப் பார்த்தான். அதன் விலை 18 டாலர் 98 சென்ட். அதை வாங்க அந்த வீட்டில் கடைசிவரை பணம் சேரவில்லை. மாலையில் கோழிகளைக் கூண்டில் அடைத்துவிட்டு அவற்றுக்குப் பைபிள் வாசித்துப் பிரசங்கம் செய்வான். செத்த கோழிக்கு முறையாக ஈமச்சடங்கு நடத்துவான். தான் வளர்த்த கோழி குழம்பாகிவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவான். தன் முதல் அறவழிப் போராட்டம் அதுதான் என்று லூயிஸ் வேடிக்கையாகக் குறிப்பிடுவதுண்டு. உடன்பிறந்தவர்கள் அவனுக்குப் பாதிரியார் என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

அந்தப் பட்டியல் புத்தகத்துக்கும் அவன் படித்த பள்ளிக்கும் ஒரு தொடர்பு இருந்தது. சியர்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்டும், கறுப்பினத்தவருக்கான டஸ்கீகி கல்வி நிலையத்தை நடத்திய புக்கர் டி. வாஷிங்டனும் 1912இல் அலபாமாவின் ஆறு பள்ளிகளோடு தொடங்கிய திட்டம், 1932க்குள் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக 5,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை எழுப்பியது. பணத்தில் ஒரு பகுதியை ரோசன்வால்ட் நிதி கொடுக்கும். ஊர் மக்களும் தங்கள் பங்கைப் பணமாகவோ மரமாகவோ உழைப்பாகவோ போட வேண்டும். வெள்ளைக் குழந்தைகளின் பள்ளிக்கும் சேர்த்து வரி கட்டியவர்கள் தங்கள் குழந்தைகளின் பள்ளிக்காக இரண்டாம் முறை கொடுத்தார்கள் என்பதே இதன் பொருள். ராபர்ட் படித்த ஆரம்பப் பள்ளி அப்படி எழுந்த ஒன்று.

மேல்வகுப்புக்கு பிரன்டிட்ஜ் என்ற ஊரிலிருந்த பைக் கவுண்டி பயிற்சிப் பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது. இன்று அந்தச் சாலையில் வழுக்கிக்கொண்டு போகிற கார், அன்றைய பேருந்துப் பயணத்தைப் பற்றி எதையும் உணர்த்தாது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஓடித் தேய்ந்த பேருந்துதான் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வரும். கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதிச் சாலைகளுக்குத் தார் போடப்படவில்லை. மழைக்காலத்தில் என் செருப்பில் ஏறிய அதே செம்மண்ணில் பேருந்தின் சக்கரம் புதைந்து, பள்ளிக்கு நேரம் தாண்டிவிடும். அதைவிடப் பெரிய தடை வீட்டில் இருந்தது. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பிள்ளைகளை வயலுக்கு நிறுத்திக்கொள்வது எல்லாக் குடும்பங்களிலும் வழக்கம். அத்தகைய காலைகளில் ராபர்ட் பள்ளிக்குப் புறப்பட்ட கோலத்தில் வீட்டின் முன்தாழ்வாரத்துக்கு அடியில் புகுந்து ஒளிந்துகொள்வான். பேருந்துச் சத்தம் கேட்டதும் பாய்ந்து ஓடி ஏறிவிடுவான். தகப்பனார் திட்டுவார், ஆனால் அடித்ததில்லை. மகன் மறுநாளும் ஒளிந்துகொள்வான்.

வேலி கண்ணில் படத் தொடங்கியது ட்ராய் நகருக்குள் போகத் தொடங்கிய பிறகு. நகரின் நடுவே உள்ள சதுக்கத்தில் இன்றும் உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படைக்காகச் சண்டையிட்டவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. சுற்றிலும் பழைய செங்கல் கடைகள். அந்தச் சதுக்கத்து மருந்துக் கடையில் கறுப்பினச் சிறுவன் குளிர்பானம் வாங்கலாம், ஆனால் வெளியே வந்துதான் குடிக்க வேண்டும். திரையரங்கில் மாடியில்தான் உட்கார வேண்டும்; அதனால் சில முறைக்குப் பிறகு ராபர்ட் படம் பார்ப்பதையே விட்டுவிட்டான். வெள்ளையர், நிறத்தவர் என்று எழுதிய பலகைகளைக் காட்டி ஏன் என்று பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் கேட்டபோது, அது அப்படித்தான், வம்புக்குப் போகாதே என்ற பதில் வந்தது.

1951 கோடையில் தாயின் சகோதரர் ஓட்டிஸ் கார்ட்டர் அவனைக் காரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவுக்கு அழைத்துச் சென்றார். ஒஹாயோவை எட்டும்வரை கறுப்பரை உள்ளே விடும் உணவகம் கிடைப்பது அரிது என்பதால், பொரித்த கோழியும் சாண்ட்விச்சும் பணியாரங்களும் கூடையில் கட்டப்பட்டன. எந்த ஊரில் கழிப்பறைக்கு நிறுத்தலாம் என்பதை மாமா முன்னதாகவே முடிவு செய்து வைத்திருந்தார். பஃபலோவில் உறவினர் வீட்டுக்கு இரு புறமும் வெள்ளையர்கள் குடியிருந்தார்கள். பதினொரு வயதுப் பையனுக்கு அது போதுமானதாக இருந்தது. ஊர் திரும்பிய பிறகு, அது அப்படித்தான் என்ற பதிலை அவனால் முன்போல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதன் பின் எல்லாம் வேகமாக வந்தது. 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; பிரன்டிட்ஜ் பேருந்து மாறவில்லை. 1955 ஆகஸ்ட்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவன் வெள்ளையர்களால் கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது 14, ராபர்ட்டுக்கு 15. அதே ஆண்டு வானொலியில் கிங்கின் குரலைக் கேட்டான்; டிசம்பரில் பேருந்துகளில் இனப்பிரிவினையை எதிர்த்து மான்ட்கோமரியின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. 1956 பிப்ரவரியில், பதினாறு வயதாகச் சில நாட்கள் இருக்கும்போது, தேவாலயத்தில் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தான். அதே ஆண்டில் உடன்பிறந்தவர்களோடும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளோடும் ட்ராய் பொது நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை கேட்டான். நூலகம் வெள்ளையருக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த அட்டை 1998இல், அவர் எழுதிய நினைவு நூலில் கையெழுத்திட அதே ஊர் நூலகம் அழைத்தபோதுதான் கையில் வந்தது. அதற்குள் அவர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராகிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்றைய ட்ராய் ஸ்டேட் கல்லூரி, இன்றைய ட்ராய் பல்கலைக்கழகம், அவர் வீட்டிலிருந்து ஏறத்தாழ பத்து மைல். வளாகத்தில் பழைய மரங்களின் நிழலில் மாணவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நான் தேடிச் சென்றது அங்குள்ள ஒரு கட்டடத்தை. வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் மான்ட்கோமரி கிளைக்குத் தலைமை வகித்த முன்னாள் ஆளுநர் பிப் கிரேவ்ஸின் பெயரை நெடுங்காலம் தாங்கியிருந்த அந்தக் கட்டடத்துக்கு, லூயிஸ் மறைந்த 2020இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். கட்டணம் வாங்காமல் வேலை செய்து படிக்கவிடும் நாஷ்வில் இறையியல் கல்லூரியில் சேர்ந்திருந்த அவர், ட்ராய் ஸ்டேட்டுக்கும் விண்ணப்பித்திருந்தார். பதிலே வரவில்லை. அதனால் கிங்குக்குக் கடிதம் எழுதினார். கிங் மான்ட்கோமரிக்கு வந்து போகப் பேருந்துப் பயணச்சீட்டை அனுப்பினார்.

எனவே என் பயணமும் மான்ட்கோமரிக்கே திரும்பியது. சவுத் கோர்ட் தெருவில் உள்ள பழைய கிரேஹவுண்ட் பேருந்து நிலையம் இன்று அருங்காட்சியகம்; 1961 மே மாதம், பேருந்துகளில் இனப்பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்த விடுதலைப் பயணிகளோடு வந்திறங்கிய லூயிஸை ஒரு கும்பல் அடித்து வீழ்த்தியது இங்கேதான். 1958இல் பதினெட்டு வயதில் ட்ராயிலிருந்து வந்தபோது அவர் தேடிச் சென்றது, சற்றுத் தள்ளி ரிப்ளி தெருவில் உள்ள செங்கல் தேவாலயத்தை. ஏழை உறுப்பினர்கள் நாளுக்கொரு செங்கல் கொண்டுவந்து கட்டியதாகச் சொல்லப்படும் அந்தத் தேவாலயத்தில் கிங்கும், அவருடைய தோழர் ரால்ஃப் அபர்நாத்தியும், வழக்கறிஞர் ஃப்ரெட் கிரேயும் அவரைச் சந்தித்தார்கள். கிங் அவரை ட்ராய்ப் பையன் என்று அழைத்தார். ட்ராய் ஸ்டேட் மீது வழக்குத் தொடுக்கலாம், ஆனால் வயது 21 ஆகாததால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும் என்றார்கள்; வீடு எரிக்கப்படலாம், நிலம் பறிபோகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

பெற்றோர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்கள். இதைக் கோழைத்தனம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பம் இழப்பதற்கு எதுவும் இல்லாதது. 300 டாலருக்கு வாங்கிய 110 ஏக்கர்தான் இவர்களை இழக்க ஏதோ ஒன்று உள்ளவர்களாக ஆக்கியிருந்தது. அந்த மண்ணின் மேல் நின்று வளர்ந்ததால்தான் மகனுக்கு அடுத்த அடி எடுத்துவைக்கத் துணிவு வந்தது. அதே மண்ணைக் காக்க வேண்டியதால்தான் தந்தையால் அந்த அடியை உடன் எடுத்துவைக்க முடியவில்லை. லூயிஸ் அவர்களைக் குறை கூறவில்லை. கிங்குக்குத் தன் முடிவை எழுதித் தெரிவித்துவிட்டு, இலையுதிர் காலத்தில் நாஷ்வில்லுக்குப் பேருந்து ஏறினார்.